கை சுத்துது சரி, வேகம் எங்கிருந்து வருது?

போன செமஸ்டர் லீவில் கடலூர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்த சித்தப்பா பொண்ணு தண்ணிக் குடத்தை இடது கையால் தூக்கினாள். அவள் வலது கைக்காரி. "என்னடி, புதுசா லெஃப்ட்டு?" என்று கேட்டேன். சித்தி அடுப்படிக்குள் போகிற வரைக்கும் பதில் வரவில்லை.

"தோள் முன்பக்கம் வலிக்குதுண்ணா. அம்மாகிட்ட சொல்லிடாத, மேட்ச்சுக்கு அனுப்ப மாட்டாங்க."

ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி சாப்ட்பால் டீமில் பிட்சர். அந்த டீமில் பிட்ச் போடத் தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான். மேட்ச்சுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. எப்போதிலிருந்து வலி என்று கேட்டால் "ரெண்டு மாசமா" என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடுகிறாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள், அதுவும் இடது தோளை. யாரும் எண்ணினதில்லை.

அந்த ஆறு வாரத்தில் நாங்கள் ரெண்டு பேரும் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. நான் கோச் இல்லை, சிதம்பரத்தில் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஆள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் ஏறினால் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று கடலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை மொபைலில் படித்து முடிக்கலாம். அப்படித்தான் படித்தேன். மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருப்பவர்களும் தைரியமாகத் தொடரலாம், கணக்கு கொஞ்சம்தான்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு. சாப்ட்பால் பேஸ்பாலின் தங்கச்சி. 1887இல் சிகாகோவில், வெளியே குளிர் என்பதால் உள்ளரங்கத்தில் ஆட ஆரம்பித்தது. பேரில்தான் சாப்ட். பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரிசு, சுற்றளவு 12 அங்குலம், எடை 190 கிராம் சுமார், முழங்காலில் பட்டால் ரெண்டு நாள் நொண்டலாம். பிட்சர் நிற்கும் தட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரைக்கும் பெண்களுக்கு 43 அடி, அதாவது 13.1 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பக்கம் பள்ளி விளையாட்டிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியிலும் இந்த ஆட்டம் உண்டு. டிவியில் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

பந்தைக் கீழ்க்கையாகத்தான் போட வேண்டும். விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்கணும், மணிக்கட்டு முழங்கையைவிட உடம்புக்கு வெளியே போகக் கூடாது. இந்த விதிக்குள் அதிக வேகம் எடுக்க வந்த வழிதான் விண்ட்மில். கையை முன்னாடி தூக்கி, தலைக்கு மேல் கொண்டுபோய், பின்னாடி இறக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றி இடுப்போரம் விடுவது. தினைப்புனத்தில் கிளி ஓட்ட நம்ம பாட்டிகள் வைத்திருந்த கவண் இருக்கே, அதே வேலைதான். கயிறுக்குப் பதில் கை.

கவண் எறிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எதில் சொதப்பும் என்று. விடுகிற நேரம். சுற்றுகிற பொருள் விட்ட கணத்தில் வட்டத்தின் தொடுகோட்டில் பறக்கும். கொஞ்சம் முன்னாடி விட்டால் தரையில் குத்தும், கொஞ்சம் லேட்டானால் கேட்சர் தலைக்கு மேல் போகும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்து மணிக்கு 65 கிமீ போகிறது என்று வையுங்கள், விநாடிக்கு 18 மீட்டர். இதில் உடம்பு முன்னோக்கி வருவதும் மணிக்கட்டுச் சொடுக்கும் ஒரு 4 மீட்டர் கொடுக்கிறது என்று கழித்துவிட்டால், கை சுற்றுவதால் வருவது 14. கையின் நீளம் 0.6 மீட்டர். வகுத்தால் விநாடிக்கு 23 ரேடியன். பந்து கையை விட்ட இடத்திலிருந்து பிளேட்டுக்கு 11.3 மீட்டர். ஒரே ஒரு மில்லிசெகண்ட் தப்பினால் 0.023 ரேடியன் கோணம் மாறும், பிளேட்டில் அது 26 சென்டிமீட்டர். ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு கால் மீட்டர்!

மனுஷக் கை இவ்வளவு துல்லியமா என்றால், இல்லை. நல்ல பிட்சர்கள் வட்டத்தையே மாத்திவிடுகிறார்கள். கை கீழே வரும் நேரத்தில் உடம்பும் முன்னோக்கி நகர்கிறது, அதாவது வட்டத்தின் மையமே நகர்கிறது. முழங்கை லேசாக மடங்கி இருக்கிறது. ரெண்டும் சேர்ந்து பந்து போகும் பாதையின் அடிப்பாகத்தைத் தட்டையாக்கிவிடும். ரயில் சக்கரத்து விளிம்பில் இருக்கும் புள்ளி வரையும் பாதையும் சக்கரமும் வேறவேற வடிவம் இல்லையா, அந்த மாதிரி. பாதை தட்டையாக இருக்கும்போது ஒரு மில்லிசெகண்ட் முன்னே பின்னே விட்டாலும் பந்து கிட்டத்தட்ட ஒரே திசையில்தான் போகும். ஆக, கண்ட்ரோல் விரலில் மட்டும் இல்லை, காலிலும் இருக்கிறது. கால் நல்லா எட்டாமல் நின்ற இடத்தில் கையை மட்டும் சுற்றுகிற பொண்ணுக்கு வேகமும் வராது, பந்தும் ஒரு இடத்தில் விழாது. இவள் பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. ஆனால் அது எனக்குத் தெரிய ரெண்டு வாரம் ஆச்சு.

நான் முதலில் போட்ட கணக்கு வேற. தோளைப் பிடுங்குகிற விசை எவ்வளவு? வட்டத்தில் சுற்றும் எதையும் மையத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். கையைப் பிடித்து வைத்திருப்பது தோள் மூட்டு. 50 கிலோ பொண்ணுக்கு ஒரு கை சுமார் 2.5 கிலோ, அதன் நிறை மையம் தோளிலிருந்து ஒரு 28 சென்டிமீட்டர். கோணவேகத்தின் வர்க்கம் பெருக்கல் ஆரம் பெருக்கல் நிறை: 370 நியூட்டன். பந்துக்கு இன்னொரு 60. மொத்தம் 430 நியூட்டன், அதாவது 44 கிலோ மூட்டையைத் தோளில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவை.

எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் (சாப்ட்பால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்த வருஷம்) ஆடிய பிட்சர்களை அதிவேக கேமராவில் படமெடுத்து அளந்திருக்கிறார்கள். முடிவு 2006இல் வெளியானது. தோளை மூட்டிலிருந்து பிரித்து இழுக்கும் விசை சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம். என் கணக்கு ரொம்பத் தோராயம், கை ஒரு விறைப்பான குச்சி இல்லை, ஆனாலும் அதே ஊரில்தான் நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், "கீழ்க்கையா போடுறது இயற்கையான அசைவு, தோளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கிரவுண்டில் எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த நம்பிக்கை நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் பசங்களுக்கு லிட்டில் லீக் 2007இலேயே ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று எண்ணிக்கை வைத்துவிட்டது. சாப்ட்பால் பொண்ணுங்களுக்கு அந்த மாதிரிப் பந்துக் கணக்கு வைக்கவில்லை. காரணம் இதே நினைப்புதான். ஆனால் 2009இல் வந்த ஒரு ஆய்வு, மேல்கையாக எறிவதைவிட விண்ட்மில்லில் பைசெப்ஸ் தசை அதிகமாக உழைக்கிறது என்று காட்டியது. கை பின்னாலிருந்து கீழே வரும் கடைசிக் கால் சுற்றில், முழங்கை சடாரென்று நீண்டுவிடாமல் பிரேக் பிடிப்பது பைசெப்ஸ். அந்தத் தசையின் நீள நரம்பு போய் ஒட்டுகிற இடம் எது தெரியுமா? தோளின் முன்பக்கம். அவள் விரல் வைத்துக் காட்டிய அதே இடம்.

சித்தியிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, பரவாயில்லை. கடலூரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டினோம். கிழியவில்லை, தசைநாண் புண்ணாகி வீங்கியிருக்கு, ரெண்டு வாரம் பந்தையே தொடக் கூடாது என்றார். ரப்பர் பட்டையை வைத்துத் தோள்பட்டை எலும்பைச் சுற்றி உள்ள தசைகளுக்கும், இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தார். "தோள் வலிக்கு எதுக்கு சார் ஒத்தக்கால்ல உட்கார்ந்து எந்திரிக்கணும்?" என்று இவள் கேட்டாள். "உன் கால் வேலை பார்த்திருந்தா தோள் இங்க வந்திருக்காதும்மா" என்றார். எனக்கு அங்கேதான் மண்டையில் பல்பு எரிந்தது.

(வலியோடு ஆடும் யாராவது இதைப் படித்தால்: முதலில் டாக்டரையோ பிசியோவையோ பாருங்கள். கீழே வருவது அதற்குப் பிறகு.)

வீடியோவுக்கு வருவோம். நல்லவேளை, வலி சொல்வதற்கு முந்தின வாரம் அவள் பிராக்டீஸை மஞ்சக்குப்பம் மைதானத்தில் சும்மா ஸ்லோமோஷனில் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுக்கலாம், சில விஷயம் கவனித்தால் போதும். வலது கை பிட்சர் என்றால் கேமரா மூணாவது பேஸ் பக்கம் இருக்கணும். அப்போதுதான் எறியும் கை மறையாது. போனை ஸ்டாண்டில் அசையாமல், இடுப்பு உயரத்தில் வையுங்கள். 240 பிரேம் என்று செட்டிங்கில் போட்டிருந்தாலும் சில போன்கள் 120 எடுத்துவிட்டு நடுவில் தானே இட்டு நிரப்பும். ஓடுகிற ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் படம் எடுத்து எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு வீடியோ கேட்சருக்குப் பின்னாலிருந்து, வலைக்கு வெளியே நின்று எடுக்கணும். கினோவியா, ட்ராக்கர் ரெண்டுமே இலவச மென்பொருள், நம்ம லேப் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

வேகம் பார்க்க ராடார் கன் தேவையில்லை. கையை விட்டதிலிருந்து கேட்சர் கையுறையில் படுகிற வரைக்கும் பிரேம் எண்ணுங்கள். கேட்சர் பிளேட்டை ஒட்டியே கையுறையை வைக்கணும், அது முக்கியம். 150 பிரேம் என்றால் 0.625 விநாடி. 11.3 மீட்டரை வகுத்தால் விநாடிக்கு 18 மீட்டர். ஒண்ணு ரெண்டு பிரேம் முன்னே பின்னே எண்ணினாலும் ஒரு சதவீதம்தான் மாறும்.

ஆனால் கோணத்தை அளந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒற்றைக் கேமராவில் தெரிவது நிழல். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் பந்துவீச்சாளர்களின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளுகிறதா என்று ஐசிசி அங்கீகாரத்தோடு சோதிக்கிற மையம் இருக்கிறது. அங்கே உடம்பு முழுக்க ஒளிரும் குண்டுகள் ஒட்டி, சுற்றிலும் பல கேமரா வைத்துத்தான் அளக்கிறார்கள். நம்ம போனுக்கு அந்த ஆசை வேண்டாம். எது முன்னாடி நடக்குது, எது பின்னாடி நடக்குது என்ற வரிசை மட்டும் தெரிந்தால் போதும்.

வரிசையைச் சொல்ல கடிகாரம்தான் வசதி. மூணாவது பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் கை 6 மணியில் கிளம்பி, முன்னால் 3, தலைக்கு மேல் 12, பின்னால் 9, மறுபடி 6இல் விடுகிறது. பார்க்கிறவர் கடிகாரம் இது, அதுவும் தலைகீழாகச் சுற்றுகிற கடிகாரம். நல்ல பிட்சரிடம் கை 12ஐத் தொட்டு இறங்க ஆரம்பிக்கும்போதே முன்கால் தரையில் ஊன்றியிருக்கும். அப்புறம் இடுப்பு, அப்புறம் மார்பு, அப்புறம் மேல்கை, முன்கை, கடைசியாக மணிக்கட்டு.

முன்கால் ஊன்றுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்தான் உதாரணம். கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள், டிரைவர் பிரேக் அடிக்கிறார். கால் நின்றுவிடும், தலை கண்டக்டர் பைக்குள் போகும். கீழ்ப்பாகம் நின்றால் அதிலிருந்த உந்தம் மேல்பாகத்துக்கு ஏறும். பிட்சரின் முன்கால்தான் பிரேக். அது உறுதியாக ஊன்றினால் பின்காலால் தள்ளி எடுத்த வேகம் இடுப்பு வழியாகக் கைக்கு ஏறும். முழங்கால் தொய்ந்தால் அது அப்படியே கரைந்துவிடும், கரைந்ததைத் தோள் தன் கைக்காசு போட்டு ஈடுகட்டும்.

இவள் வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். கை 9 மணிக்கு வந்தபோது முன்கால் இன்னும் காற்றில்! அது ஊன்றும்போது கை பாதி கீழே வந்துவிட்டது. பிரேக் அடிப்பதற்குள் பஸ் ஸ்டாண்டே வந்துவிட்ட கதை. முன்னிருந்து எடுத்த வீடியோவில் இன்னொன்று. பிட்சிங் தட்டின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு ஒரு கோடு போட்டால், அவள் முன்கால் கோட்டுக்கு வலப்பக்கம், மூணாவது பேஸ் பக்கமாக விழுகிறது. அப்போது அவளுடைய இடுப்பே கைக்குக் குறுக்கே நிற்கும். கை நேராக வர வழியில்லாமல், முதுகுக்குப் பின்னால் போய் இடுப்பைச் சுற்றி வளைந்து வருகிறது. மணிக்கட்டு வெளியே போய் அம்பயர் இல்லீகல் பிட்ச் கொடுக்கும் ஆபத்தும் இதில்தான். தோள் அந்த 44 கிலோவைத் தாங்கும்போதே முறுக்கியும் இருந்தால் என்ன ஆகும்?

மூணாவதாக ஒன்று, இதில் கோச்சுகளுக்குள்ளேயே சண்டை உண்டு. பந்தை விட்டதும் முழங்கையை மடக்கி முகத்துக்கு நேராக மேலே தூக்கி முடிப்பது ஒரு பழைய முறை, "ஹலோ எல்போ" என்பார்கள். உள்ளங்கை பந்துக்குப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே வரும். இவளுக்கும் அதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் பெரிய பிட்சர்களின் ஸ்லோமோஷனைப் பாருங்கள். கை 9 மணியில் இருக்கும்போது உள்ளங்கை வானத்தையோ மூணாவது பேஸையோ பார்த்திருக்கும். முழங்கை முன்னே வர, முன்கை சாட்டை மாதிரி பின்தொடர்ந்து, இடுப்போரம் முன்கை உரசும் கணத்தில் உள்பக்கமாகத் திரும்பும். கை தானாக ஓய்ந்து நிற்கும், யாரும் தூக்கி நிறுத்துவதில்லை. ஹலோ எல்போவில் போட்டு ஜெயித்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. என் அபிப்பிராயம், வேகமாகச் சுற்றிய கையைச் சட்டென்று ஒரு போஸில் நிறுத்தச் சொல்வது ஏற்கெனவே பிரேக் பிடித்துக் களைத்த பைசெப்ஸுக்கு இன்னொரு வேலை.

தப்பு தெரிந்துவிட்டது, சொன்னால் திருத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரே நாளில் மூணையும் சொன்னேன். அவள் பந்தில்லாமல் செய்து காட்டியதைப் பார்த்து சித்தப்பாவே சிரித்துவிட்டார், பரதமும் கராத்தேயும் கலந்த மாதிரி. "நீ ஒண்ணு சொன்னா இன்னொண்ணு மறந்துடுதுண்ணா" என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி, உடற்கல்வி படிக்கிற அண்ணாமலை நகர் சீனியர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம். அதுவும் உடம்பு பாகத்தைச் சொல்லாத, வெளியில ஒரு பொருளைக் காட்டு" என்றார். "முன்காலை நேரா வை" என்பதற்குப் பதில் "இந்தக் கோட்டை மிதி."

சித்தியின் கோலமாவு டப்பா காலியானது அப்படித்தான். மொட்டை மாடியில் ஒரு நேர்கோடு. பந்தில்லை, கை மார்பில் கட்டியிருக்கிறது. பின்காலால் தள்ளி, கோட்டின் மேல் முன்காலை ஊன்றி, அப்படியே சிலையாக நிற்கணும். பாதம் ஹோம் பிளேட்டை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், 30 – 45 டிகிரி திரும்பி விழுந்தால் இடுப்புக்கு இடம் கிடைக்கும். பின்கால் தூக்கிக் குதிக்காமல் தரையை உரசிக்கொண்டே வரணும். முதல் நாள் பத்தில் மூணு தடவைதான் நிற்க முடிந்தது. சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களைக் கடந்து தினமும் போகிறேன், ஒற்றைக்காலில் உடம்பை நிறுத்துவது எவ்வளவு பெரிய வித்தை என்று இவள் தடுமாறியதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ரெண்டு வார ஓய்வு முழுக்க இதுதான் வேலை. தோளுக்கு ஓய்வு, காலுக்கு இல்லை.

மூணாவது வாரம் பிசியோ அனுமதித்த பிறகு, கொடிக்கயிற்றில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, நாலு மீட்டரிலிருந்து, சுருட்டிய சாக்ஸ் பந்து. இலக்கே கிடையாது. இலக்கு வைத்தால் பழைய பழக்கம் ஓடிவந்துவிடும், பந்து எங்கே போகிறது என்ற கவலையில் உடம்பு தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும். கை 12இல் இருக்கும்போது கால் ஊன்றணும், அதற்கு ஒரு தாளம் வைத்துக்கொண்டாள். கை ஏறும்போது "தக", கால் ஊன்றும்போது "திமி". நான் சொல்லித் தந்ததில்லை, அவளே கண்டுபிடித்தது. என் கடிகாரத்தைவிட நல்லா வேலை செய்தது.

நாலாவது வாரம் உண்மையான பந்து, எட்டு மீட்டர். இங்கேதான் அடி விழுந்தது. பிரேம் எண்ணினால் பழைய வேகம் இல்லை, பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. "பழசே பரவாயில்லண்ணா, நான் அப்படியே போடுறேன்." நான் ஒன்றும் சொல்லாமல் நடராஜன் கதையைச் சொன்னேன். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராகத் தன் முதல் ரஞ்சி மேட்ச் ஆடினார். அதிலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் ஆனது. ஊரில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த கை. ஏறக்குறைய ஒரு வருஷம், தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து அந்தக் கையைப் புதுசாகக் கட்டினார். 2016இல் டிஎன்பிஎல்லில் யார்க்கர் போட்டார், 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் மூணு வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். "அவருக்கு ஒரு வருஷம் ஆச்சு, எனக்கு நாலு வாரம்தானே இருக்கு" என்றாள் இவள். பதில் சொல்ல முடியவில்லை. அது உண்மைதானே.

அப்புறம் எண்ணிக்கை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் சங்கத்தின் காயத் தடுப்புப் பிரசாரம், 13 – 14 வயது சாப்ட்பால் பிட்சருக்கு ஒரு மேட்ச்சில் 80 பந்து, ஒரு நாளில் 115 பந்து என்று வரம்பு சொல்கிறது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, பந்து எண்ணிக்கை, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு. பிராக்டீஸ் பந்தும் வார்ம் அப் பந்தும் கணக்கில் சேரும், ஏனென்றால் தோளுக்கு மேட்ச் எது பிராக்டீஸ் எது என்று தெரியாது.

இதற்கு எதிராக அவள் வைத்த ஆயுதம் யுகிகோ உவெனோ. யூடியூபில் பார்த்திருக்கிறாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் உவெனோ ரெண்டு நாளில் மூணு மேட்ச், 413 பந்து போட்டு, இறுதியில் அமெரிக்காவை 3-1 என்று ஜெயிக்க வைத்தார். அதற்கப்புறம் சாப்ட்பால் ஒலிம்பிக்கிலிருந்தே தூக்கப்பட்டு, 2021இல் டோக்கியோவில் திரும்பி வந்தபோது, 39 வயதில் மறுபடி தங்கம். "அவங்க போடலையா?" போட்டார். அப்போது அவருக்கு 26 வயது, எலும்பு வளர்ந்து முடிந்த உடம்பு, பின்னால் ஒரு மருத்துவப் படையே இருந்தது. 14 வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சிக் குருத்து இன்னும் மூடியிருக்காது. அவர் செய்ததை நான் கும்பிடுகிறேன், ஆனால் அதை நம்ம பிராக்டீஸ் அட்டவணையில் எழுத மாட்டேன்.

பெரிய சிக்கல் டீமில் ரெண்டாவது பிட்சர் இல்லாதது. 80 பந்துக்கு அப்புறம் யார்? இதை பி.டி. மிஸ்ஸிடம் போய்ப் பேசத்தான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வலிக்குதுன்னு இவ ஒரு வார்த்தை சொல்லலையேப்பா" என்றார். சொன்னால் இடம் போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளை சொல்லாதுதான். ஷார்ட்ஸ்டாப்பில் ஆடிய ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, சாயங்காலம் இவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்பினார். கோலமாவுக் கோட்டில் ரெண்டு பேர். புதுசாக வந்தவளுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை, பத்தே நாளில் கால் கோட்டில் விழுந்தது. இவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், கொஞ்சம் நிம்மதி.

ஐந்தாவது வாரக் கடைசியில் முழு தூரம், 40 பந்து. கால் பெரும்பாலும் கோட்டில் விழுந்தது. பிரேம் எண்ணினேன், பழைய வேகத்துக்கு ஒரு முடி கம்மி. ஆனால் பழைய வீடியோவில் பந்து கேட்சரை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டே இருந்தது, இப்போது கையுறை பெரிதாக நகரவில்லை. தட்டையான பாதை பற்றி ரயிலில் போட்ட கணக்கைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேட்ச் அன்று எனக்கு இன்டர்னல் பரீட்சை, போகவில்லை. சாயங்காலம் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் மேட்ச் ஜெயித்திருக்கிறார்கள். ரெண்டாவதில் நாலு இன்னிங்ஸ் இவள், மிச்சம் மூணு அந்தப் பொண்ணு, கடைசி இன்னிங்ஸில் கோட்டைவிட்டுத் தோத்திருக்கிறார்கள். மொத்தப் பந்து 112. வலி என்ற கட்டத்தில் 2 என்று எழுதி, அடித்து, 3 என்று திருத்தியிருந்தாள். கீழே ஒரு வரி: "அம்மா பாத்துட்டாங்க. நாளைக்கு லீவு."